வாழிடம் வெளியே போகக் கூடாது

நுண்ணுயிர் வாழ்முறை ஊகிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களை நேரில் பார்ப்பது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய நுண்ணோக்கி ஒன்றை வைத்துப் பூட்டியிருந்தார்கள். 'அறியாமைக் காலத்துக் கருவி' என்று பெட்டியின் மேல் பித்தளைத் தகடு. அதன் முன்னால் அடிக்கடி நின்றதற்காக ஓர் ஆய்வாளரிடம் விளக்கம் கேட்டார்கள். கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினேன் என்று எழுதிக் கொடுத்தார். அவர் முழு வழுக்கை. ஆனால் மரபணுவின்படி அவருக்கு முடி இருந்ததால் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நிலையம் செய்த வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல வேலைதான். மண்ணிலும் நீரிலும் இருக்கிற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடிவதில்லை. என்ன கொடுத்தாலும் தின்னாமல் அடம் பிடிக்கும். ஆகவே அவற்றின் மரபணுக்களைப் படித்து, இது எதைத் தின்னும், எங்கே வாழும் என்று ஊகிக்கிறார்கள். ஒரு வீட்டுச் சமையலறையில் இருக்கும் பாத்திரங்களை வைத்து அங்கே என்ன சமைப்பார்கள் என்று சொல்வது மாதிரி. வாணலி இருந்தால் வறுப்பார்கள். இதுவரைக்கும் சரி. அடுப்பே இல்லாத சமையலறை ஒன்று வந்தால்? உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்போம். நிலையத்தில் அதற்கென்று தனிப் பிரிவே இருந்தது. வீட்டுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அடுப்பில்லாமல் உயிரோடு இருக்க முடியாது, ஆகவே அடுப்பு இருக்கிறது. இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இடைவெளி நிரப்பும் அதிகாரி என்று பெயர். நிலையத்திலேயே பெரிய அறை அவருடையது.

இந்த நிலையத்துக்குத்தான் ஃப்ரீசர் பழுதுபார்க்கப் போனார் மெக்கானிக்.

தெருவில் அவரைக் கூலிங் என்று கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி, ஐஸ் பெட்டி எதுவானாலும் அவர்தான். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனிமேல் இல்லை என்று இரண்டு பக்கத்து உறவும் பேசி முடித்த பிறகு, அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியிருந்தது. ஆறாவது மாதம். அதனால் மெக்கானிக் எந்த வேலைக்குப் போனாலும் நடுவில் ஒரு போன் செய்வார்.

"கதவு ரப்பர் போயிருக்கு, அவ்வளவுதான். சத்தியமா சாயங்காலம் வந்துடுவேன்."

"சத்தியமான்னு சொல்லிட்டீங்களா? அப்ப சாயங்காலம் வரமாட்டீங்க" என்றாள் அவள். "நீங்க சத்தியம் பண்ணி என்னிக்கு நெஜம் சொல்லியிருக்கீங்க?"

அது உண்மைதான். மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல வேண்டி வந்தால் பயத்தில் ஒரு சத்தியத்தையும் சேர்த்துவிடுவார். பெண் பார்க்கப் போன அன்றே, "சத்தியமா எனக்குக் கோபமே வராதுங்க" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்.

ஃப்ரீசரின் கதவு ரப்பர் வெடித்து, இடுக்கில் கறுப்பாகப் பிசுக்குப் படிந்திருந்தது. அவர் இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை எடுத்து அதை நன்றாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகு மூச்சிரைக்க ஒருவர் ஓடி வந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுக்குச்சிகள் வரிசையாக நின்றன. நிலையத்துக்குள் எதைத் துடைப்பதானாலும் துடைப்பதற்கு முன் அவர் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. அவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். அதனாலேயே அவரைப் பதவி உயர்த்தி மாதிரி அதிகாரி ஆக்கியிருந்தார்கள்.

"துடைச்சிட்டீங்களா?"

"துடைச்சிட்டேன் சார்."

"பரவாயில்ல" என்று சொல்லி, துடைத்த ரப்பரில் ஒரு குச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் புது ரப்பரைப் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"மறுபடியும் ஃப்ரீசர் மக்கர் பண்ணுதா சார்?"

"ஃப்ரீசர் நல்லாருக்கு. உங்களைப் பத்திதான் பேசணும். குளிக்காம வாங்க."

கூட்ட அறைக்குள் மெக்கானிக் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். வாழ்நாளில் அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்.

"நீங்க உட்காருங்க" என்றார் நிலையத்தின் தலைவர். "நீங்க உட்கார்ந்தப்புறம்தான் நாங்க."

சுவர் முழுக்க ஒரு வரைபடம். சிக்கல் விழுந்த நூல்கண்டை விரித்துப் போட்டது போல ஆயிரம் கோடுகள். தலைமை ஊகர் என்பவர் ஒரு நீளக் குச்சியால் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் அதோட சாப்பாட்டுப் பாதை."

"எதோட சாப்பாடு சார்?"

"உங்க மேல வாழற உயிரோட."

மெக்கானிக் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாலைந்து பேர் பதறி எழுந்து தட்டாதீர்கள் என்றார்கள்.

"எப்படி சார் இருக்கும் அது?"

யாரோ இருமினார்கள். மாதிரி அதிகாரி குனிந்து அவர் காதில், "பார்க்கிற விஷயமெல்லாம் இங்க பேசக்கூடாது" என்றார்.

தலைமை ஊகர் தொடர்ந்தார். "அதுக்குச் சொந்தமாக் கொழுப்புச் செய்யத் தெரியாது. அதனால கொழுப்புப் பிசுபிசுப்பு இருக்கற தோல் வேணும். எந்திர எண்ணெயைச் செரிக்கத் தெரியும். அதனால அங்க எண்ணெய் இருக்கணும். உறையற குளிரும் தாங்கும், உடம்புச் சூடும் தாங்கும். ஃப்ரீசருக்குள்ள கையை விட்டு விட்டு எடுக்கற, எண்ணெய் படிஞ்ச, நல்லா வேர்க்கிற ஒரு ஆள்தான் அதுக்கு வீடு. உலகத்துல அந்த மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க?"

"நெறைய பேர் சார். எங்க சங்கத்துலயே..."

"எங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

அந்த நுண்ணுயிருக்குத் தலைவரின் பெயரையே வைத்துவிட்டிருந்தார்கள். அதனால் அதன் பெயரை நான் இங்கே எழுத முடியாது. அவர் எழுந்து ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"நாம எதையும் பார்த்ததில்ல. அதுதான் நம்ம பெருமை. பார்க்கறவனுக்குக் கண்ணுல தூசி விழும், கை நடுங்கும், ஆசை வரும். படிக்கறவனுக்கு அதெல்லாம் கிடையாது. இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாம சொன்ன ஒரு ஊகம்கூடப் பொய்யானதில்ல. ஏன்னா, ஒண்ணைக்கூட யாரும் சரிபார்க்க நாம விட்டதில்ல."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். மரியாதைக்கு மெக்கானிக்கும் தட்டினார். பிறகு அவருடைய பாதுகாப்புக்கான ஏற்பாடுகளை வாசித்தார்கள். சோப்புக் கூடாது, அது கொழுப்பைக் கழுவிவிடும். பழம், பச்சைக் காய், புளிப்பு எதுவும் கூடாது. அமிலம் பட்டால் அந்த உயிர் தாங்காது என்று மரபணு சொல்கிறது. வேகவைத்த மாவு, உப்பு, கொழுப்பு, இவை போதும். காலையும் மாலையும் குளிர் அறைக்குள் நின்று வர வேண்டும். தங்குவதற்கு அறை தயார்.

"சார், வீட்ல மாசமா இருக்காங்க. நான் சாயங்காலம் போகணும்."

"தாராளமா" என்றார் தலைவர். "நீங்க எங்க வேணும்னாலும் போகலாம். வாழிடம் மட்டும் இங்கயே இருக்கணும்."

மெக்கானிக் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். வாசலில் இருந்த காவலாளி பழகியவர்தான். ஃப்ரீசர் வேலைக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

"கதவைத் தெறப்பா."

காவலாளி நெளிந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஆளுங்க வெளிய போனா நான் தெறந்து விடலாம். பொருள் வெளிய போறதுன்னா தலைவர் கையெழுத்து வேணும். காலைலயே பதிவேட்டுல உங்களைப் பொருள் பக்கத்துக்கு மாத்திட்டாங்க."

"நான் பொருளா?"

"மேசை நாற்காலியெல்லாம் மூணாவது பக்கத்துல இருக்கு. உங்களை மொதப் பக்கத்துலயே போட்டிருக்காங்க அண்ணே. ஒசத்தியான பொருள்தான்."

மெக்கானிக் கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நல்ல கதவு, அசையவில்லை. காவலாளி தலையைத் திருப்பிக்கொண்டார்.

முதல் மாதம் தினமும் அவரைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பார்த்தார்கள். கழுத்து, அக்குள், விரலிடுக்கு, காதுமடல் எங்கும் அந்த உயிர் இல்லை. சாதாரண நிறுவனமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். நிலையத்தில் ஒரு தீர்மானம் வந்தது. உயிரைப் பற்றிய ஊகம் சரி. உயிர் அங்கே வாழத் தகுந்தபடி வாழிடம் நடந்துகொள்ளவில்லை. ஆகவே வாழிடத்தைச் சீர்திருத்த வேண்டும். எந்திர எண்ணெய் கொண்டுவந்து கைகளில் தடவினார்கள். குளிர் அறையில் நிற்கும் நேரத்தைக் கூட்டினார்கள். மாவில் கொழுப்பை அதிகமாக்கினார்கள்.

மனைவி ஒருநாள் கம்பிக் கதவுக்கு வந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

"ஒரு கிருமிக்கு வீடா இருக்கறதுக்கா உங்களைக் கட்டிக்கிட்டேன்?" என்று கேட்டாள். சிரிக்க வைக்கத்தான் அப்படிக் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சதும் விட்டுடுவாங்களாம்."

"எதை?"

"அதான், அந்த உயிரை."

"உங்க மேல இல்லாததை உங்க மேல தேடினா எப்பங்க கெடைக்கும்?"

நிலையத்திடம் இதைக் கேட்கிற ஆள் இல்லை. ஆரஞ்சுப் பழங்களை மாதிரி அதிகாரி வந்து இரண்டு விரலால் பிடித்து வாங்கி, அமிலப் பொருள் என்று சீட்டு ஒட்டி அப்புறப்படுத்தினார். பழத்தின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் கதவருகில் இருந்தது. மெக்கானிக் அங்கேயே நின்று அதை மோந்துகொண்டிருந்தார்.

அந்த உயிர் என்னவென்று நிலையத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும். ஒட்டும் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பெண்மணி. மரபணுவை எந்திரம் முழுசாகப் படித்துத் தராது. துண்டு துண்டாகத்தான் தரும். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பார்த்து ஒட்டுவது அவர் வேலை. குளிர் அறை வாசலில் மெக்கானிக் நடுங்கிக்கொண்டு நின்றபோது அவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அது ஒரு உயிரே இல்லப்பா."

"என்னம்மா சொல்றீங்க?"

"ரப்பர்ல இருந்த பூசணம் கொஞ்சம், உன் துணில இருந்த எண்ணெய் தின்னி கொஞ்சம், உன் தோல்ல எல்லாருக்கும் இருக்கற சாதாக் கிருமி கொஞ்சம். நீ துடைச்சதுல எல்லாம் கலந்துடுச்சு. அன்னிக்கு எனக்கு மருமகளைப் பார்க்க ஊருக்குப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு. எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிட்டுப் போயிட்டேன்."

"அதைப் போய்ச் சொல்லுங்களேன்மா. கால்ல வேணாலும் விழறேன்."

"சொல்லலாம்னு மறுநாளே போனேன் தம்பி. அதுக்குள்ள தலைவர் பேரை வெச்சுட்டாங்களே." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லாத உயிருன்னு இப்ப நான் சொன்னா யாரை இல்லைன்னு சொன்னதா ஆகும், நீயே சொல்லு."

இரண்டாவது மாதக் கடைசியில் மெக்கானிக்கின் ஈறுகளில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. தொட்ட இடமெல்லாம் கால்களில் நீலம் பாய்ந்தது. எப்போதோ ஆறிப்போன பழைய வெட்டுக்காயம் ஒன்று கையில் மறுபடி திறந்துகொண்டது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இடைவெளி நிரப்பும் அதிகாரியின் பெரிய அறைக்கு அவரைக் கூட்டிப்போனார்கள்.

"சார், வாயில ரத்தம் வருது. ஒரு பழம் குடுங்க சார், போதும். ஒரு எலுமிச்சம்பழம்."

அதிகாரி நல்ல மனிதர். அவர் மேல் எனக்குத்தான் கோபமே தவிர, மெக்கானிக்குக்கு அன்றுவரை இல்லை. அவர் எழுந்து வந்து மெக்கானிக்கைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார்.

"உங்க மரபணுவையும் படிச்சிட்டோம். வாழிடம் எத்தனை நாள் தாங்கும்னு தெரியணுமில்ல? அதுல ஒரு சின்ன இடைவெளி இருந்துச்சு. பழத்துலயும் காய்லயும் ஒரு உயிர்ச்சத்து இருக்கு. அதை உங்க உடம்பு சொந்தமாச் செய்ய முடியாது. அந்த மரபணு கெட்டுப்போய்க் கெடக்குது."

"அதான் சார், அதான் நானும் சொல்றேன்."

"பொறுங்க. அந்தச் சத்து இல்லாட்டி மனுஷன் உயிரோட இருக்க முடியாது. பழம் நாங்க குடுக்கல. ஆனா நீங்க உயிரோட இருக்கீங்க." அவர் கனிவாகப் புன்னகைத்தார். "அப்படின்னா நீங்களே அதைச் செய்யறீங்க. நிரப்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே உங்களுக்கு அந்தக் குறை வரவே வராது."

மெக்கானிக் உதட்டை விலக்கிக் காட்டினார். பல்லிடுக்கில் ரத்தம் கோடாக நின்றது. அதிகாரி கண்களை மூடிக்கொண்டார். அருவருப்பினால் இல்லை, கொள்கையினால்.

"எனக்குக் காட்டாதீங்க. நேர்ல பார்த்தா என் முடிவுல கலப்படம் ஆயிடும்."

அதற்குப் பிறகு ஒரு விழா நடந்தது. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். மெக்கானிக்கை மேடைக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய சதுரத்துக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்தில் 'வாழிடம்' என்று பொறித்த பித்தளைத் தகடு மாட்டினார்கள். வந்தவர்கள் தகட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். சட்டையில் ரத்தம் சொட்டியிருந்ததை ஒரு அம்மாள் மட்டும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள். அவர் தகட்டைக் காட்டினார். அவளும் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

தலைவர் பேசினார்.

"இந்த வாழிடம் கொஞ்சம் சோர்வாத் தெரியறதா சிலபேர் சொல்றாங்க. தெரியறதை வெச்சு நாம எதுவும் முடிவு பண்றதில்ல. இருந்தாலும் எந்தக் கட்டடமும் சாசுவதம் இல்ல. அடுத்த வாழிடத்துக்கு இப்பவே ஏற்பாடு பண்ணியாச்சு. இவருக்குக் குழந்தை பிறக்கப் போகுது. பிள்ளையோட மரபணுவுல சரிபாதி தகப்பனோடது. அதாவது, பிறக்கும்போதே அது பாதி வாழிடம். மீதிப் பாதி இடைவெளிதானே? நிரப்பறதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு."

கைதட்டல் கட்டடத்தை அதிர வைத்தது. இடைவெளி நிரப்பும் அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். கயிற்றுச் சதுரத்துக்குள் மெக்கானிக் மட்டும் தட்டவில்லை. அவருடைய அறைக்குப் பக்கத்து அறையில் இரண்டு நாளாக ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் வெப்பமானி மாட்டினார்கள், குளிர் வரும் குழாயை இழுத்தார்கள், சின்னதாக ஒரு கட்டில் கொண்டுவந்தார்கள். சின்ன ஃப்ரீசருக்கு இடம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து, குழாயை எந்த உயரத்தில் பொருத்தினால் குளிர் நன்றாக இறங்கும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

குழந்தை பிறந்ததைக் காவலாளிதான் வந்து சொன்னார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்" என்றார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பொண்ணு, பொண்ணு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். எத்தனை வருட ஏக்கம் அது. ஒருதரம் பார்த்தால் போதும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே கூடாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்து அவரைப் பாடாய்ப் படுத்தின.

'சிசுவுடன் வந்து வாழிடத்தைப் பார்க்கலாம்' என்று நிலையம் மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. தடுக்க மெக்கானிக்குக்கு வழியில்லை. அவருடைய போனை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள், காவலாளியின் போனைத் தொடக்கூடாதென்றும் உத்தரவு வந்துவிட்டது.

அவள் வந்த காலையில் தலைவர், தலைமை ஊகர், இடைவெளி நிரப்பும் அதிகாரி மூவரும் தாழ்வாரத்தில் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார்கள். பக்கத்து அறையில் குளிர் ஓடத் தொடங்கியிருந்தது. மாதிரி அதிகாரி வழக்கம்போல இன்னும் வந்து சேரவில்லை. மனைவி கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவளே தைத்த பஞ்சு வைத்த துணிக்குள் குழந்தை. எட்டிப் பார்ப்பதற்காக அவள் கதவோடு ஒட்டி நின்றபோது குழந்தையின் கை வெளியே வந்து, தட்டுப்பட்ட கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

தொடர்பில்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்று நிலையத்தில் ஒரு விதி. ஆகவே வாழிடம் நேரில் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மெக்கானிக்கைக் கதவுக்குக் கூட்டிவந்தார்கள்.

அவர் குழந்தையைப் பார்த்தார். மூக்கு அவளுடையது. நெற்றி அவருடையதேதான். கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் நகம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்ன நகங்கள். ஒரு விரலை நீட்டினால் போதும், தொட்டுவிடலாம். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணே" என்றார் காவலாளி. "யாரு இவங்க?"

"தெரியாது."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் மெக்கானிக். பேசும்போது உதட்டோரம் ரத்தம் வழிந்தது. "சத்தியமா அது என் குழந்தை இல்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். பின்னால் தாழ்வாரத்தில் நின்ற மூன்று வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் காவலாளியிடம். "தப்பான எடத்துக்கு வந்துட்டேன்."

"தொடர்பில்லாத ஆளுங்க இங்க நிக்கக்கூடாது. கெளம்புங்க, கெளம்புங்க" என்றார் காவலாளி. அவர் குரலில் அவ்வளவு அவசரத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனைக்குப் போனதும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போது குழந்தையின் முகம் இந்தப் பக்கம் பார்த்தது. திருப்பத்தில் மறையும்வரை அப்படியே வைத்திருந்தாள். மெக்கானிக் கதவின் உள்பக்கம் நின்று, அழுகையும் ரத்தமும் ஒன்றாக வழிய, பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் சலசலப்பு. வாய்வார்த்தை சான்று ஆகாது என்றார் தலைமை ஊகர். மரபணு இருந்தால் சொல்லிவிடலாம் என்றார் இடைவெளி நிரப்பும் அதிகாரி. மாதிரி எங்கே என்றார் தலைவர்.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் கம்பி ஞாபகம் வந்தது. குழந்தை பிடித்திருந்த இடத்தில் லேசாக ஈரம் இருந்தது. இத்தனை நாளும் இடுப்பிலேயே இருந்த எண்ணெய்த் துணியை உருவி அந்தக் கம்பியை மேலும் கீழும் அழுத்தித் துடைத்தார். பக்கத்துக் கம்பிகளையும் துடைத்தார். தொழில்காரர், வேலை சுத்தம். கம்பி பளபளவென்று ஆனது.

அதற்குள் மூச்சிரைக்க மாதிரி அதிகாரி ஓடி வந்து சேர்ந்தார்.

"துடைச்சிட்டீங்களா?"

மெக்கானிக் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல" என்றார் அவர். கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். "அந்தத் துணியைக் குடுங்க. போன தடவையும் அது பட்ட எடத்துலதான் நமக்கு எல்லாம் கெடைச்சுது."

மெக்கானிக் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, ஆடிக்கொண்டிருந்த பற்களால் இறுகக் கடித்துக்கொண்டார்.

மாதிரி அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து புதிய பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, உறையைப் பிரித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"அவசரமே இல்ல. மெதுவா வாயைத் தெறங்க" என்றார். "வாழிடம் எங்க போயிடப் போகுது."